தலைமாட்டில் ஓர் இடம்

செத்தவர்களோடு உயிரோடு இருப்பவர்களைச் சேர்த்து வைப்பதுதான் என் தொழில் என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். புளத்கொகுபிட்டிய பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிற ஸ்டுடியோ என்னுடையது. பெயர் புவாட். சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு சாவு விழுந்தால் சவப்பெட்டி கொண்டுவருகிற மலர்ச்சாலைக்காரனுக்கு அடுத்து எனக்குத்தான் ஃபோன் வரும். பெட்டியை எடுப்பதற்கு முன்னால் குடும்பத்தார் எல்லோரும் அதைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் படம் இல்லாமல் இங்கே பெட்டி வாசலைத் தாண்டாது.

எங்கள் முஸ்லிம் ஆட்களிடம் மையித்தை, அதாவது செத்த உடலை, படம் எடுக்கிற வழக்கமில்லை. ஆரம்பத்தில் என் மனைவி றம்ஸியா முகத்தைச் சுளித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் பழகிவிட்டாள். எல்லார் கையிலும் ஃபோன் வந்த பிறகு கல்யாணத்துக்கு என்னை மறந்துபோனவர்கள்கூடச் சாவுக்கு மறக்காமல் கூப்பிடுகிறார்கள். காரணம் வெளிநாடு. பிள்ளைகளில் ஒன்று கட்டாரிலோ குவைத்திலோ இருக்கும். வர முடியாது, ஆனால் படத்தில் இருந்தே ஆக வேண்டும். அது அங்கே நின்று ஒரு படம் எடுத்து அனுப்பும். நான் ஆளை மட்டும் வெட்டி எடுத்து இங்கே பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்துவேன்.

இதில் நான் பட்ட பாட்டை எழுதினால் புத்தகமாகும். ஒருவன் அரைக் காற்சட்டையோடு நின்று அனுப்பினான். அவனுக்காக ஒரு வேட்டியைக் கம்ப்யூட்டரில் செய்து வைத்தேன். இன்றைக்கு வரை பதினேழு மகன்மார் அந்த ஒரே வேட்டியைக் கட்டித் தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். ஒரு பிள்ளை பாதம் இல்லாமல் அனுப்பியது, மலர்வளையத்துக்குப் பின்னால் ஒளித்தேன். இன்னொருவன் சிரித்துக்கொண்டே நின்றான். கேட்டால், கேமராவைப் பார்த்ததும் தானாகச் சிரிப்பு வந்துவிட்டதாம். அவன் வாயை மூடுவதற்கு எனக்கு அரை நாள் போனது. ஆகவே இந்த வேலையில் என்னை ஆச்சரியப்படுத்த இனி ஒன்றுமில்லை என்றுதான் போன நவம்பர் வரைக்கும் நினைத்திருந்தேன்.

தர்மிளா பற்றிச் சொல்ல வேண்டுமானால் மூன்று வருடம் பின்னால் போக வேண்டும். ரப்பர் மலையில் பால் வெட்டுகிற முத்துவீரனின் மூத்த மகள் அவள். உயர்தரப் பரீட்சையை நன்றாகப் பாஸ் பண்ணியவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக அவளைப் பார்க்க வேண்டும் என்பது முத்துவீரனின் ஆசை. அவளோ கேகாலைக்குப் போய் ஜப்பான் பாஷை படித்து, அந்தப் பரீட்சையும் பாஸ் பண்ணி, அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை எடுத்துக்கொண்டு, பாஸ்போர்ட் படத்துக்கு என் ஸ்டுடியோவில் வந்து உட்கார்ந்திருந்தாள். பாதி வேலையில் மாடிப்படி அதிர்ந்தது. முத்துவீரன் மலையிலிருந்து நேராக வந்திருந்தார். அவர் வந்து நின்றதும் அறை முழுக்க ரப்பர் பால் வாடை.

"கெழவன் கெழவிய கழுவி விடுற வேலைக்கா ஒன்னய படிக்க வச்சேன்?" என்று கத்தினார்.

"வேலதானேப்பா. நம்ம ஊட்டுல வயசானவங்களுக்குச் செய்யுறது இல்லையா?"

"அவங்க நம்ம ஆளுங்களா? நீ அங்க செத்துச் சுண்ணாம்பாப் போனாலும் அவங்களுக்கு என்னா? ஒனக்கு ஒன்னுன்னா அதுல ஒருத்தராவது எந்திரிச்சு நிப்பாங்களா? சொல்லு, ஒருத்தராவது எந்திரிச்சு நிப்பாங்களா?"

அவர் போன பிறகு அவளிடம், கண் சிவந்திருக்கிறது, நாளைக்கு வா புள்ள என்று சொன்னேன். "பரவால்ல நானா, எடுங்க" என்றாள், எங்கள் ஆட்களில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. கண் சிவந்த படத்தோடுதான் அவள் பாஸ்போர்ட் ஜப்பானுக்குப் போனது.

அதற்குப் பிறகு முத்துவீரன் மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் ஃபோன் எடுக்கிற நேரம் பார்த்துப் பால் கத்தியைத் தீட்ட வெளியே போய்விடுவார். அந்தக் கத்தி இந்த மூன்று வருடத்தில் தேய்ந்தே போயிருக்கும் என்று அவர் மனைவி ஜெயம்மா என்னிடம் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

போன நவம்பரில் ஒரு காலை, பிரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு நின்ற முத்துவீரன் அப்படியே உட்கார்ந்து சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. தர்மிளாவின் விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். புறப்பட்டால் திரும்பிப் போக முடியாது, புறப்பட்டாலும் அடக்கத்துக்கு வந்து சேர முடியாது.

அன்று பின்னேரமே ஜெயம்மாவின் மகன் சுமன் எனக்கு ஃபோன் எடுத்து அம்மாவிடம் கொடுத்தான். அழுது ஓய்ந்த குரல்.

"நானா, எம்மக படத்துல இருக்கணும். அவ அப்பா தலமாட்டுலதான் நிக்கணும். மூத்தவ எடம் அது."

"செஞ்சி தாரன் அக்கா. நீங்க ஒன்டும் யோசிக்காதீங்க" என்றேன்.

உடனே தர்மிளாவுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். எல்லாருக்கும் அனுப்புகிற அதே பாடம்தான். வெள்ளைச் சுவருக்கு முன்னால் தனியாக நில், பாதம் தெரியட்டும், சிரிக்காதே, கண்ணைக் கொஞ்சம் கீழே வை. அவள் பதிலுக்குக் கேள்விகளாக அனுப்பினாள். பெட்டி எத்தனை அடி? வாங்குப் பலகையின் மேல் வைத்தால் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? நான் எங்கே நின்று எடுப்பேன், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில்? எத்தனை மணிக்கு?

எனக்கு எரிச்சல் வந்தது. "நான் என்ன பள்ளிவாசலா கட்டப் போறேன், இவ்வளவு அளவு கேக்க?" என்று றம்ஸியாவிடம் சொன்னேன். "தகப்பன் மௌத்தான புள்ள. கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். பெட்டி ஆறடி. வாங்கு இரண்டடி. பெட்டிக்கு எட்டடி தள்ளி பிளாஸ்டிக் கதிரை போட்டு அதில் ஏறி நிற்பேன். பகல் ஒன்றரை மணி. தலை தெற்கே என்பது அவளுக்கே தெரியும்.

அடக்க நாளில் அவர்களுடைய லயத்து வீட்டு வாசல் முழுக்க ஆட்கள். பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தை நிறுத்துவது எப்போதுமே பெரும்பாடு. அன்று ஜெயம்மா தலைமாட்டில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, பக்கத்தில் வந்தவர்களைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார். "இது தர்மிளா எடம். யாரும் வராதீங்க."

முத்துவீரனின் தங்கை விஜயகலா அந்த இடத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "சாகுற வரைக்கும் எங்கண்ணன் மொகம் குடுத்துப் பேசாத மகளுக்குத் தலமாட்டுல எடம் எதுக்கு அண்ணி? அண்ணன் ஒத்துக்குவாரா? ஊரு ஒத்துக்குமா?"

அதுதான் எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி என்று எனக்குப் புரிந்தது. மன்னிக்காமலே போய்விட்டார், மகள் மகளில்லாமல் ஆகிவிட்டாள் என்று தோட்டமே பேசிக்கொண்டது. நான் கதிரையில் ஏறினேன். தலைமாட்டில் ஒரு வெற்றிடத்தோடு படத்தை எடுத்தேன். பிறகு தப்பு முழங்க, முத்துவீரன் ரப்பர் மலை வழியாகப் போனார்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பிக் கம்ப்யூட்டரைப் போட்டால் ஜப்பானிலிருந்து படம் வந்திருந்தது. பார்த்ததும் எனக்குத் தலை கொதித்தது. தனியாக நில் என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருக்க, பத்துப் பேர் நிற்கிறார்கள்! பெரிய சாப்பாட்டு அறை போல ஓர் இடம். நடுவில் ஒரு நீள மேசை, அதன் மேல் வெள்ளை விரிப்பு, மேசையில் ஒன்றுமே இல்லை. அந்த வெறும் மேசையைச் சுற்றி முழுக் கறுப்பு உடுப்பில் கிழவர் கிழவிகள் ஆறு பேர், வேலைக்காரப் பெண்கள் மூன்று பேர். மேசையின் ஒரு முனையில் தர்மிளா. கட்டில் விரிப்பைச் சேலையாகச் சுற்றியிருந்தாள். ஒருவர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லோரும் வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோபத்தில் அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேசி அனுப்பிவிட்டேன். "என்ன புள்ள வெளயாட்டு இது? தனியா நில்லுண்டு சொன்னேனே. இவங்கள எல்லாம் நான் எப்படி வெட்டி எடுக்குற? ஒன்ட தோளுல ஒரு கெழவர்ட கை வேற இருக்கு."

கொஞ்ச நேரத்தில் அவள் குரல் வந்தது. மூக்கடைத்த குரல்.

"கோவிக்காதீங்க நானா. நான் தனியாத்தான் நிக்கப் போனேன். பெரிய ரூம்ல ஒரு படம் எடுக்கணும்னு கேட்டேன், எதுக்குன்னு கேட்டாங்க, சொன்னேன். எங்க ஊர்ல பெட்டியச் சுத்தி நின்னு படம் எடுப்பாங்க, என்னால போக முடியல, எடத்த மட்டும் இங்க கணக்காப் போட்டுக்கிட்டு நிக்கப் போறேன்னு. அவங்களாத்தான் மேசைய இழுத்துப் போட்டாங்க. நீங்க சொன்ன அளவுக்கு அதோட காலக் கொறச்சு எறக்குனாங்க. ஃபோன்ல திசை பாத்து தெக்கால தல மாதிரி திருப்பினாங்க. சரியா நம்ம ஒன்றரை மணிக்கு, இங்க அஞ்சு மணி, ஒவ்வொருத்தரா உடுப்பு மாத்திக்கிட்டு வந்து நின்னாங்க. நான் வேணாம்னு எப்புடிச் சொல்றது?"

அதோடு நிறுத்தியிருப்பாள் என்று நினைத்தேன். இன்னொரு சின்னச் செய்தி வந்தது.

"என்னய மட்டும் வெட்டி எடுத்துக்கங்க நானா. மத்தவங்கள வீசிடுங்க. அப்பாவுக்கு அவங்களப் புடிக்காது."

இதைக் கேட்டுவிட்டு என்னால் உடனே வேலையைத் தொடங்க முடியவில்லை. கீழே போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தேன்.

வெட்டுவதற்கு முன்னால் ஆளின் உயரம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். அன்று நான் எடுத்த படத்திலிருந்து முத்துவீரனின் பெட்டியைத் தனியாகப் பிரித்து, அளவு பார்க்கத்தான், ஜப்பான் படத்துக்குள் கொண்டுபோய் அந்த வெறும் மேசையின் மேல் வைத்தேன்.

பெட்டி உட்கார்ந்தது. இழுக்கவில்லை, சுருக்கவில்லை, சாய்க்கவில்லை. விளிம்போடு விளிம்பு பொருந்தி, அந்த அறைக்கே செய்தது போல உட்கார்ந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு அப்படி ஒரு படம் பொருந்தியது கிடையாது. ஆனால் என் கை மௌஸிலிருந்து விலகியது அதனால் இல்லை. கண்களால். பத்துப் பேரின் இருபது கண்களும் முத்துவீரனின் முகத்தில் போய் விழுந்தன. சற்று முன்னால் வெறும் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எங்கேயும் தவறிப் பார்க்கவில்லை. கடல் கடந்து இத்தனை தூரத்துக்கு அப்பால், தாங்கள் ஒருநாளும் காணாத ஒரு பால்வெட்டுக்காரரின் முகம் எந்த இடத்தில் இருக்கும் என்று கணக்குப் பார்த்து, அந்த இடத்தை விட்டுக் கண் எடுக்காமல் நின்றிருக்கிறார்கள்.

"சுப்ஹானல்லாஹ்" என்றேன், வாய்விட்டு.

அப்புறம்தான் பின்சுவரைக் கவனித்தேன். அவ்வளவு நேரமும் அங்கே இருந்தவற்றை மேசை நாற்காலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் சக்கர நாற்காலிகள். ஆறு. சுவரோரமாக வரிசையாக, ஆறுமே வெறுமையாக.

மேசையைச் சுற்றியிருந்த கிழவர் கிழவிகளை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒரு கிழவி குனிந்து மேசை விளிம்பைப் பிடித்திருந்தாள், விரல் வெளுத்திருந்தது. இரண்டு பேரை ஒரு பெண் முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தாங்கியிருந்தாள். தர்மிளாவின் தோளில் இருந்தது ஆளைக் கட்டிப்பிடிக்கிற கை இல்லை, விழாமல் இருப்பதற்கான கை. எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

முத்துவீரன் என் ஸ்டுடியோவில், இதே அறையில் நின்று கேட்ட கேள்வி மறுபடி காதில் விழுந்தது. அந்த மனுஷன் கேட்ட கேள்விக்குப் பதில் அவர் போன பிறகு என் திரையில் வந்து நின்றது. எங்களில் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனால் எழுந்து நிற்போம். நானும் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். கீழே பேக்கரியில் யாரோ பாண் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தர்மிளாவுக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன், தோளில் கை வைத்திருப்பது யார் என்று. "ஒகுபோ சான். பத்து மாசமா எந்திரிக்காதவரு" என்று பதில் வந்தது.

பதினாறாம் நாள் கருமாதிக்கு இரண்டு படங்களைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒன்று கேட்டபடி செய்தது. லயத்து வாசலில் பெட்டி, சுற்றிக் குடும்பம், தலைமாட்டில் தர்மிளா. தோளிலிருந்த கையை அழித்து, கட்டில் விரிப்பைச் சேலையாக்கி, நிழல்கூடச் சரியாக விழுத்தியிருந்தேன். ஜெயம்மா அதை வாங்கி மகள் முகத்தை விரலால் தடவினார். "நல்லா இருக்கு நானா. பக்கத்துல நிக்கிற மாதிரியே இருக்கு."

விஜயகலா எட்டிப் பார்த்தார். "ஒட்டு வேலதானே அண்ணி. நம்ம கண்ணுக்கு நிக்கிறா. அண்ணன் கண்ணுக்கு நின்னாளா?"

பாயில் இருந்த ஜெயம்மாவின் கை படத்தின் மேலேயே நின்றுவிட்டது. விஜயகலா சொன்னது உண்மை. என் வேட்டி, என் நிழல், என் மலர்வளையம் எல்லாமே ஒட்டு வேலைதான்.

அப்போதுதான் இரண்டாவது படத்தின் தாளைப் பிரித்து அவர்கள் முன்னால் வைத்தேன். ஜப்பான் அறை. நடுவில் முத்துவீரன். சுற்றிலும் கறுப்பு உடுப்பில் அந்தப் பத்துப் பேர். யாரையும் வெட்டவில்லை, யாரையும் நகர்த்தவில்லை. "இதுல நான் செஞ்சது பெட்டிய வெச்சது மட்டுந்தான் அக்கா. மத்ததெல்லாம் அவங்களா நின்டது" என்றேன். தர்மிளா சொன்னதையும், அன்று ஸ்டுடியோவில் முத்துவீரன் கேட்டதையும் அப்படியே சொன்னேன். பின்சுவரையும் காட்டினேன்.

சுமன் குனிந்து நாற்காலிகளை எண்ணினான். விஜயகலா படத்தைத் தன் பக்கம் இழுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, எனக்கே தெரியாமல் போன ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"இந்தப் பெரியவரு ஒரு கையில என்னா வச்சிருக்காரு?"

ஒரு கை தர்மிளாவின் தோளில். மற்றக் கையில் மடிப்புக் கலையாத புது வெள்ளைத் துவாய். நான் அதை ஏதோ துடைக்க வைத்திருக்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். இந்த ஆட்கள் அதை அப்படி விட மாட்டார்கள். செத்தவர் மேல் போர்த்தப் புதுத் துணி கொண்டுவருவது சொந்தக்காரனின் உரிமை.

"கோடி" என்றார் விஜயகலா. குரல் மாறியிருந்தது. "அண்ணனுக்குக் கோடி கொண்டாந்திருக்காரு."

ஜெயம்மா படத்தை எடுத்துக்கொண்டு போய், விளக்குக்குப் பின்னால் மாலை போட்டிருந்த கணவனின் படத்துக்கு எதிரே, அவர் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தார். "இந்தாங்க. நல்லாப் பாத்துக்கங்க. ஒருத்தராவது எந்திரிச்சு நிப்பாங்களான்னு கேட்டீங்களே. ஆறு பேரு நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் பாயில் விழுந்து அழுதார். பதினாறு நாளாக அப்படி அழவில்லை என்று சுமன் சொன்னான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை.

சுமன் அக்காவுக்கு வீடியோ கோல் எடுத்தான். தர்மிளா வேலையில் இருந்தாள். அம்மா இப்படி அழுவதைப் பார்த்துப் பயந்துபோய் என்ன என்று கேட்டாள். அழுகைக்கு நடுவில் ஜெயம்மா கேட்டது ஒன்றுதான். "அந்த அய்யா இருக்காரா? அவரக் காட்டு."

ஃபோன் திரும்பியது. சக்கர நாற்காலியில், முழங்காலில் கம்பளி போட்டுக்கொண்டு, சின்ன உடம்பாக ஒரு கிழவர். ஜெயம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சரி செய்துகொண்டு எழுந்து நின்றார். கை கூப்பினார். அந்தக் கிழவரும் அதே மாதிரிக் கை கூப்பித் தலை குனிந்தார்.

"நின்னதுல கால் வலிக்குதான்னு கேளு தர்மிளா."

அவள் அந்தப் பாஷையில் கேட்டாள். கிழவர் யோசித்து யோசித்து ஏதோ நீளமாகச் சொன்னார். தர்மிளா ஃபோனைத் தன் பக்கம் திருப்பினாள்.

"கால் கெடக்கட்டுமாம்மா. அன்னையிலருந்து அவருக்கு ஒரே யோசனையாம். உங்க ஊர் வழக்கம் எனக்குத் தெரியாது, நான் சரியான எடத்துலதான் நின்னேனான்னு கேக்குறாரு."

ஜெயம்மா தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னாலிருந்து விஜயகலாதான் ஃபோன் பக்கம் குனிந்தார்.

"சரியான எடந்தான்னு சொல்லு. ரெண்டு பேருமே எங்கண்ணன் தலமாட்டுலதான் நிக்கிறீங்க."